ஏணைக்குள் கனூ

என் ஐயா ஓடாவி. வடமராட்சிக் கரையில் வள்ளமும் வத்தையும் கட்டினவர். பலகை இடுக்கில் பஞ்சுத்திரியை வைத்துக் கொட்டாப்புளியால் அடித்து இறுக்குகிற கலப்பற்று வேலையைப் பன்னிரண்டு வயதிலேயே அவரிடம் பழகிவிட்டேன். 1986இல் கனடாவுக்கு வந்த பிறகு மூன்று வருடம் ரொறொன்ரோவில் ஒரு தளபாடத் தொழிற்சாலையில் ஒட்டுப்பலகை வெட்டினேன். மரத்தின் மணமே இல்லாத வேலை. பீற்றர்பரோவுக்கு வடக்கே ஒரு பட்டறையில் பழைய மரக் கனூக்களைத் திருத்துகிறார்கள், உதவிக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கூட வேலை செய்தவர் சொன்னதும், அடுத்த சனிக்கிழமையே பஸ் ஏறினேன். முப்பத்தைந்து வருடம் கடந்துவிட்டது. இன்றைக்கும் அதே வேலைதான்.

முதல் நாள் முதலாளி என் வலது கையில் ஒரு சின்னச் சுத்தியலையும் இடது கையில் உள்ளங்கைக்கு அடங்கும் ஓர் இரும்புக் கட்டியையும் தந்தார். கனூவின் பலகை ஓர் அங்குலத்தை முப்பத்திரண்டாகப் பிரித்தால் ஐந்து பங்கு தடிப்பு, அதாவது நாலு மில்லிமீற்றர். அதைத் தாங்கும் வங்கு முக்கால் அங்குலத்தில் பாதி. இரண்டையும் சேர்த்து அடிக்கிற பித்தளை ஆணி அவற்றின் மொத்தத் தடிப்பைவிட நீளமானது. வெளியிலிருந்து அடிக்கும்போது உள்ளே இரும்பைப் பிடித்திருக்க வேண்டும். ஆணியின் நுனி மரத்தைத் துளைத்து வந்து இரும்பில் மோதி வளைந்து, தூண்டில் முள் மாதிரித் திரும்பவும் வங்குக்குள் ஏறும். பசையும் இல்லை, திருகாணியும் இல்லை. ஒரு கனூவில் இப்படி ஆயிரக்கணக்கான ஆணிகள். நான் அடித்த முதல் இருபதில் பாதி வளையாமல் குத்திட்டு நின்றன. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. குறட்டால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி மேசையில் வரிசையாக வைத்தார்.

இதை ஐயாவுக்குக் கடிதத்தில் எழுதினேன். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. ‘தம்பி, ஆணி போற பக்கத்தைப் பாக்காதை, வாற பக்கத்தைப் பார். கை தானாச் சரிவரும்.’ அவர் கனூவைக் கண்டதே இல்லை. ஆனால் சொன்னது சரி. இரும்பைப் பிடித்திருக்கும் கையால் ஆணி வரும் இடத்தை உணரப் பழகிய பிறகு சுத்தியலைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

எங்கள் வள்ளத்தில் பலகைதான் பலம். தடித்த பலகை, அதன் இடுக்கில் பஞ்சு, மேலே எண்ணெய். கனூவில் பலகை தண்ணீரைத் தடுப்பதே இல்லை. பலகைக்கும் பலகைக்கும் இடையில் வெளிச்சம் தெரியும். தண்ணீரைத் தடுப்பது வெளியே இழுத்துக் கட்டிய கித்தானும் அதில் தேய்த்த பூச்சும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் எடுத்தது. புரிந்த பிறகுதான் மற்ற எல்லாம் புரிந்தது.

இந்த வடிவம் வெள்ளைக்காரர் கண்டுபிடித்ததில்லை. பேர்ச் மரத்தின் பட்டையை ஒரே தோலாக உரித்து, அதற்குள் சீடர் சிராய்களைப் பரப்பி, வளைத்த வங்குகளை உள்ளிருந்து நெருக்கி இந்த நாட்டின் முதற்குடி மக்கள் கட்டிய படகு அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், அமெரிக்காவின் மேன் மாநிலத்தில், பட்டைக்குப் பதில் கித்தானைப் போட்டார்கள். பெனோப்ஸ்கொற் ஆற்றங்கரையில் ஓல்ட் டவுன் என்ற ஊரில் இதற்கென்றே பெரிய தொழிற்சாலை எழுந்தது. ஊருக்கு எதிரே ஆற்றுத்தீவில் பெனோப்ஸ்கொற் மக்கள் இன்றைக்கும் வாழ்கிறார்கள். கனடாவில் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்து பிரெடெரிக்ரனில் செஸ்நட் நிறுவனமும், எங்கள் பக்கத்தில் பீற்றர்பரோ நிறுவனமும் கட்டின. இரும்புப் பட்டிகள் பதித்த முழு மர அச்சைக் கவிழ்த்து வைத்து, ஆவியில் வேகவைத்த வங்குகளை அதன் மேல் வளைத்து, பலகை அடித்தார்கள். ஆணி இரும்புப் பட்டியில் பட்டுத் தானே திரும்பும். ஒரே அச்சில் நூற்றுக்கணக்கான கனூ. தொழிற்சாலைப் பொருள்தான். ஆனாலும் ஒவ்வொன்றிலும் கைவேலை தெரியும்.

வங்கு வளைக்கப் பழகியது என் இரண்டாவது வருடம். ஒரு செஸ்நட் கனூவில் ஒன்பது வங்கு முறிந்திருந்தது. மரக்கடையில் அழகான, முடிச்சில்லாத வெள்ளைச் சீடர் பலகை வாங்கி வந்தேன். சீவி, ஆவிப்பெட்டியில் வைத்து, எடுத்து வளைத்தேன். முறிந்தது. அடுத்ததும் முறிந்தது. ஏழு வங்கு முறியும் வரை முதலாளி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கொட்டகையின் பின்பக்கம் கூட்டிப்போய், கூரைக்குக் கீழ் இரண்டு வருடம் காற்றில் கிடந்த பலகை ஒன்றை இழுத்துத் தந்தார். சூளையில் உலர்த்திய மரத்தில் வளையும் குணம் செத்துவிடும் என்றார். காற்றில் உலர்ந்த பலகையை நார் ஓட்டம் பார்த்துப் பிளந்து, ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, ஆவியில் வைத்தோம். வெளியே எடுத்ததும் நிமிடம் கூடக் கிடைக்காது. கையுறை போட்ட கையால், படகின் வெளிப்பக்கத்தில், வேண்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே அணைத்து வளைத்துக் கட்ட வேண்டும். காய்ந்த பிறகு கழற்றி, ஓரம் சீவி, உள்ளே செலுத்தினால் இடம் கண்டு உட்காரும்.

அன்றைக்கே இன்னொன்றையும் சொல்லித் தந்தார். முறிந்த வங்கு எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றக்கூடாது. ஒன்றைக் கழற்றி ஒன்றைப் போட வேண்டும். இல்லாவிட்டால் படகு தன் வடிவத்தை மறந்துவிடும். அச்சு இல்லாத பட்டறையில் பழைய படகுதான் அச்சு.

கித்தான் போடுகிற நாள் எனக்கு இன்றைக்கும் பிடித்த நாள். நீளக் கித்தானை இரண்டாக மடித்து, இரண்டு முனைகளையும் மரக்கட்டைகளுக்கு நடுவில் இறுக்கி, ஒரு தலைப்பைத் தூணிலும் மறு தலைப்பைக் கை வின்ச்சிலும் கட்டுவோம். வீட்டில் பிள்ளையைப் போடுகிற ஏணை மாதிரி அது தொங்கும். அதற்குள் கனூவை நிமிர்ந்தபடி இறக்கி, மேலே பாரம் வைத்து, வின்ச்சை முறுக்கினால் கித்தான் படகின் வயிற்றோடு ஒட்டும். பிறகு அகல வாய்க் குறட்டால் விளிம்பைப் பிடித்து இழுத்து, ஒவ்வொரு வங்கின் நுனியிலும் ஆணி அடித்துப் போவோம். இழுப்பு குறைந்தால் சுருக்கம் விழும், கூடினால் நெசவு கிழியும். பதமாக இழுபட்ட கித்தானைத் தட்டினால் மேளம் போலச் சத்தம் கேட்கும். நான் ஏணையைப் பற்றிச் சொன்னபோது முதலாளி அந்தச் சொல்லைக் கேட்டுப் பழகிக்கொண்டார். கித்தான் நாள் வந்தால் ‘இன்றைக்கு ஏணை’ என்று அவரே சொல்லத் தொடங்கினார்.

கித்தானின் நெசவை அடைக்கிற பூச்சை நாங்களே கலப்போம். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய், மாவாக அரைத்த சிலிக்கா, டேர்ப்பன்டைன், எனாமல் பெயின்ற், உலர்த்தி. முன்பு இதில் ஈய வெள்ளை சேர்த்தார்கள். கித்தானில் பூஞ்சணம் பிடிக்காமல் தடுத்தது அதுதான். நான் சேர்ந்த காலத்திலும் ஒரு பழைய டின் மிச்சமிருந்தது. ஈயம் உடம்புக்கு நஞ்சு என்று அதை ஒதுக்கி, பூஞ்சணக் கொல்லி சேர்க்கத் தொடங்கினோம். அசலைப் போலவே செய்வதில் நான் பிடிவாதக்காரன். ஆனால் ஈயத்தில் அந்தப் பிடிவாதம் கூடாது. பழைய பெயின்றைச் சுரண்டும்போதும் அதே கவனம் வேண்டும். முகமூடி இல்லாமல் இப்போது நான் ஒருவரையும் சுரண்ட விடுவதில்லை.

பூச்சைத் தடவிவிட்டுக் கித்தான் துண்டு சுற்றிய கையால் வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டும். நெசவு மறைந்து முட்டை ஓடு மாதிரி வழுவழுப்பு வரும்வரை தேய்ப்போம். தோள் கழன்றுவிடும். அதன் பிறகு காத்திருக்க வேண்டும். ஒரு மாதம், சில நேரம் ஆறு கிழமை. 1998இல் ஒரு வாடிக்கையாளர் கல்யாணத்துக்கு முன் வேண்டும் என்று நெருக்கினார். தொட்டுப் பார்த்தேன், காய்ந்தது போலத்தான் இருந்தது. பதினைந்தாம் நாள் பெயின்ற் அடித்தேன். ஒரு கிழமையில் மேற்பரப்பு முழுவதும் பாலாடை மாதிரிச் சுருங்கிக் கிளம்பியது. கித்தானையே வெட்டி எறிந்து முதலிலிருந்து தொடங்கினேன். செலவு என்னுடையது. கல்யாணத்துக்குக் கனூ போகவில்லை. அதன் பிறகு ஒருவருக்கும் திகதி கொடுத்ததில்லை, மாதம் மட்டும்தான் சொல்வேன்.

அந்த எண்ணெய் பற்றி ஒன்று சொல்லாமல் விடக்கூடாது. எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். ஒரு மாலை பட்டறையைப் பூட்டப் போனபோது குப்பை வாளியிலிருந்து புகை வந்ததைக் கண்டேன். உள்ளே பதினொரு கனூ இருந்தது. துணியை விரித்து வெளியே கொடியில் காயப்போடுவது அன்றிலிருந்து சட்டம்.

எங்களுக்கு வருகிற படகுகளில் மிகுந்த துயரம் தருபவை பைபர் போட்டவை. 1960களிலும் 70களிலும் கித்தான் பழுதானபோது ஆட்கள் அதைக் கழற்றிவிட்டு, பலகை மேலேயே பைபர் துணியும் பிசினும் பூசினார்கள். அலுமினியக் கனூ சந்தையைப் பிடித்திருந்த காலம். கித்தான் போடத் தெரிந்தவர்கள் அருகியிருந்தார்கள். கடைக்காரர்கள் பைபர்தான் நிரந்தரம் என்றார்கள். அன்போடு செய்த வேலைதான் அது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் சீடர் பலகை ஈரத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும். பைபர் அசையாது. உள்ளே விழுந்த தண்ணீர் பலகைக்கும் பைபருக்கும் நடுவில் போய்த் தங்கி, வெளியேற வழியில்லாமல் மரத்தைத் தின்னும்.

2004இல் ஒரு பெண் தன் தகப்பனின் கனூவைக் கொண்டுவந்தார். அவர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. 1974இல் அவரே தன் கையால் பைபர் போட்டிருக்கிறார். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. முனைக்கட்டையில் விரலை வைத்து அழுத்தினேன், விரல் உள்ளே போனது. சூடு காற்றுத் துப்பாக்கியால் பிசினை இளக்கி, தகட்டுக் கத்தியைச் செருகி, கை அகலம் கை அகலமாக உரித்தேன். அவசரப்பட்டால் பைபரோடு பலகையின் சதையும் பிய்ந்து வரும். பதினெட்டு நாள் எடுத்தது. கீழே இரண்டு முனைக்கட்டைகளும் கரும்பொடி. வங்குகளின் நுனிகள் முப்பதுக்கு மேல் உக்கியிருந்தன. அவற்றை முழுதாக மாற்றவில்லை. உக்கிய நுனியை மட்டும் நீளச் சரிவாகச் சீவி, அதே சரிவில் புது நுனியைப் பொருத்தி ஒட்டினேன். முனைக்கட்டைக்கு ஆஷ் மரத்தை ஆவியில் வளைத்தேன்.

அணியத்துத் தட்டைக் கழற்றியபோது அதன் அடியில் பென்சிலால் எழுதிய சில இலக்கங்கள் இருந்தன. தொழிற்சாலையில் யாரோ ஒரு தச்சர் அளவுக்குக் குறித்தது. பக்கத்தில் தகப்பனின் கையெழுத்து, 1974. அந்தப் பெண் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இரண்டையும் அழிக்காமல் விட்டு, கீழே என் வருடத்தை எழுதித் தட்டைத் திரும்பப் பூட்டினேன். அன்றிலிருந்து ஒவ்வொரு கனூவிலும் அப்படியே செய்கிறேன்.

பித்தளைக்கு வருகிறேன், ஏனென்றால் சண்டை வருவது அங்கேதான். பழைய கனூக்களில் இருக்கையையும் குறுக்குச் சட்டத்தையும் பிடித்திருப்பது வைர வடிவத் தலை கொண்ட பித்தளை போல்ற். திருகாணி எல்லாம் ஒற்றை வெட்டுத் தலை. வாடிக்கையாளர் கேட்பார், சதுரக் குழி போட்ட றொபேட்சன் திருகாணி வழுக்காதே, அது கனடாக்காரன் கண்டுபிடிப்புத்தானே என்று. உண்மைதான். 1908 அளவில் ஒன்ராறியோ மில்ரனில் செய்யத் தொடங்கியது. என் மேசையில் அதுதான் நிறைய இருக்கிறது. ஆனால் கட்டியவன் போடாததை நான் அந்தப் படகில் போட மாட்டேன். பழைய விளிம்புச் சட்டத்தில் புதுத் தலை ஒன்று தெரிந்தாலும், முப்பது வருடம் கழித்துத் திறப்பவர் எது முதல், எது பிந்தியது என்று குழம்புவார்.

கறுப்பு இரும்புத் திருகாணி போட்டு வந்தவற்றையும் கண்டிருக்கிறேன். ஈர மரத்தில் இரும்பு துருப்பிடித்து, சுற்றியுள்ள மரத்தைக் கறுப்பாக்கி இளக்கிவிடும். துருப்பிடிக்காத உருக்கு போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பலகை ஆணிக்கு அது உதவாது. பித்தளை மெதுமையானது, அதனால்தான் இரும்பில் மோதி அழகாக வளைகிறது. கழற்றும்போதும் மரத்தைக் கிழிக்காமல் வரும். அசல் பாகம் என்று நாங்கள் அடம்பிடிப்பது அருங்காட்சியக ஆசையால் என்று சிலர் நினைக்கிறார்கள். இந்தப் படகைக் கட்டியவர்கள் அதைப் பிரிக்கக்கூடியதாகக் கட்டினார்கள். கித்தான் இருபது முப்பது வருடத்தில் போகும் என்று அவர்களுக்குத் தெரியும். விளிம்புச் சட்டத்தைத் திருகிக் கழற்றி, பழைய கித்தானை உரித்துப் புதியதைப் போடலாம். உடைவதற்கென்றே மெல்லிய பாகங்களை வைத்து, அவற்றை மாற்றுவதற்கு வழியும் வைத்தார்கள். அதில் அதைவிடப் பலமான ஒன்றைப் புகுத்தினால் பக்கத்தில் இருப்பது உடையும்.

எந்தக் கனூ, எந்த வருடம் என்று கண்டுபிடிப்பதும் எங்கள் வேலையில் அரைவாசி. ஓல்ட் டவுன் கனூவின் முனைக்கட்டையில் உள்பக்கம் ஓர் எண் குத்தியிருக்கும், பக்கத்தில் அதன் நீளம், அடிக் கணக்கில். அந்தத் தொழிற்சாலை ஒவ்வொரு கனூவுக்கும் எழுதிய பதிவு இன்றும் இருக்கிறது. மரம் எது, என்ன நிறம், எந்தத் திகதி எங்கே அனுப்பப்பட்டது என்பது வரை தெரியும். செஸ்நட்டுக்கு அப்படி ஒன்றும் இல்லை. அங்கே வங்கின் அகலம், தட்டின் வடிவம், முனையின் வளைவு பார்த்துத்தான் மட்டிட வேண்டும். ஒரு முறை பழுப்பு நிற ஓல்ட் டவுன் கனூ ஒன்று வந்தது. வெளிவிளிம்புச் சட்டத்தைக் கழற்றியபோது, அதன் அடியில் வெயில் படாத கித்தான் ஓரம் ஒரு விரல் அகலத்துக்குக் கரும்பச்சையாக இருந்தது. பதிவை எடுத்துப் பார்த்தோம், அதிலும் கரும்பச்சை. அந்த ஓரத் துண்டை வெட்டிப் பெயின்ற் கடைக்குக் கொண்டுபோய் நிறம் கலந்தோம்.

பீற்றர்பரோ நிறுவனம் 1961இல் மூடப்பட்டது. செஸ்நட் 1970களின் கடைசியில் மூடியது, அதன் அச்சுகள் பல கைகளுக்குப் போயின. நான் வந்த நேரம் இந்தத் தொழில் முடிந்த கதை என்றே ஊரில் பேசினார்கள். பிறகு பீற்றர்பரோவில் 1997இல் கனேடியக் கனூ அருங்காட்சியகம் திறந்தது. அறுநூறுக்கும் மேற்பட்ட படகுகள். 2024இல் ஏரிக்கரையில் புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது. கட்டுவதையும் திருத்துவதையும் படிக்க இளையவர்கள் வருகிறார்கள், பெண்களும் நிறைய. என்னிடம் இப்போது இருவர் பழகுகிறார்கள். ஆர்வத்துக்குக் குறைவில்லை, மரத்துக்குத்தான் தட்டுப்பாடு. பதினாறு அடி நீளத்துக்கு முடிச்சில்லாத சீடர் முன்பு நினைத்த நேரம் கிடைத்தது. இப்போது ஆலைக்காரரிடம் சொல்லிவைத்து ஒரு வருடம் காத்திருக்கிறேன்.

முதலாளி இறப்பதற்கு முந்திய கோடையில் நான் அவருக்கு ஒரு கதை சொன்னேன். வல்வெட்டித்துறையில் எங்கள் ஓடாவிகள் 1930இல் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்கி, தன் மனைவியின் பெயரைச் சூட்டி, எங்கள் மாலுமிகளோடு கடல் கடந்து கொண்டுபோனார். 1938 ஆகஸ்டில் அது மசசூசெற்ஸ் மாநிலத்து குளோஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. முதலாளி கேட்டது ஒன்றுதான். ‘அது இப்போது எங்கே?’ பதில் சொல்லக் கையில் ஒரு துண்டுப் பலகை கூட எங்களிடம் இல்லை. ஐயா கட்டிய வள்ளங்களிலும் ஒன்றாவது மிஞ்சவில்லை. அவருடைய கொட்டாப்புளி மட்டும் என் மேசையில் இருக்கிறது.

இப்போது எங்கள் ஆட்கள் கவார்த்தா, மஸ்கோக்கா பக்கம் ஏரிக்கரை வீடுகள் வாங்குகிறார்கள். படகுக் கொட்டகையில் பழைய கனூ ஒன்று சேர்ந்தே வருகிறது, குப்பைக்கு அனுப்பவா என்று என்னைக் கேட்கிறார்கள். தயவுசெய்து அனுப்பாதீர்கள். பைபரும் போடாதீர்கள். நிலத்தில் கிடந்தால் தூக்கி, இரண்டு மரக்கால்களில் கவிழ்த்து வையுங்கள். மழை படாமல், காற்று ஓடும்படி இருக்கட்டும். சூடாக்கிய நிலவறை கூடாது. பிறகு ஒரு ரோர்ச் லைற்றை எடுத்துக்கொண்டு முனைக்கட்டையின் உள்பக்கத்தைப் பாருங்கள். அழுக்குக்குக் கீழே எண் இருந்தால் எழுதி வையுங்கள்.